மதனின் பட்டியல் பொய்யல்ல

பிளானோ, டெக்சாஸ்
மார்ச் 21

அன்புள்ள அமலிக்கு,

உன் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகப் பெனிஷ் சொன்னான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நியூஜெர்சி எடிசனில் இன்னும் குளிர் விடவில்லையாமே. அம்மாவைத் தினமும் நடக்க வை. மகள் நர்ஸாக இருந்தால் எந்தத் தாயும் பேச்சுக் கேட்பதில்லை. நான் சொன்னேன் என்று சொல்.

இங்கே எல்லோரும் சுகம். பெனிஷ் வேலைக்குப் போய் வருவதிலேயே பாதி ஆயுளை டோல்வே நெரிசலில் கழிக்கிறான். உன் பெயர் போட்ட தேர்தல் பலகை இன்னும் எங்கள் புல்வெளியில் நிற்கிறது. எடுக்கச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து இரண்டு கடிதம் வந்தாயிற்று. எடுக்கப் போன மகனை நான் தடுத்துவிட்டேன். காரணம் கேட்டான். சொல்லவில்லை.

புதன்கிழமை மதன் வந்திருந்தான். கூரையில் இருக்கும் புகை அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. பேட்டரி மாற்றிக் கொடுத்தான். நீ அவனுடைய போனை எடுப்பதில்லை என்று நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னான். உனக்குக் கண்டிப்பாக ஓட்டுப் போடுவார்கள் என்று நம் பகுதியில் நூற்று எண்பது பேரை அவன் குறித்து வைத்திருந்தானாம். விழுந்தது தொண்ணூறுகூட இல்லையாம். "வீடு வீடாப் போகாமலே சும்மா டிக் போட்டியா மதன்?" என்று நீ கேட்டாயாம். பத்து வருஷச் சிநேகிதம் அந்த ஒரு கேள்வியில் நின்றுபோயிருக்கிறது. அவன் உன்னைக் குறை சொல்லவில்லை, அமலி. ஏணியிலிருந்து இறங்கி, "அவ தோத்ததுகூடப் பரவால்ல ஆன்ட்டி, நான் ஏமாத்திட்டேன்னு நெனைக்கிறா பாருங்க" என்றான். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஜனவரியில் நீங்கள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உன் துண்டறிக்கையில் மூன்று பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். டீ குடித்துவிட்டு, "உங்க ஓட்டு எனக்குத்தானே ஆன்ட்டி?" என்றாய். "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றேன். மதன் தன் போனில் என் பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டான். அவன் குறித்தது நான் சொன்னதைத்தான்.

நான் உனக்கு ஓட்டுப் போடவில்லை.

கட்சிக்குள் நடந்த பிரைமரித் தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும்போது வசந்தாமணி சொன்னாள்: "அமலி தங்கமான பொண்ணு ஆன்ட்டி. ஆனா எல்லாருக்கும் இன்ஷூரன்ஸ், எல்லா ஸ்கூல்லயும் நர்ஸ்னு பேசினா நவம்பர் எலெக்ஷன்ல எதிர்க்கட்சி ஆளுங்க தூக்கி அடிச்சிருவாங்க. ஹார்ட்வெல்லுன்னா நாலு ஓட்டு அவங்க பக்கத்திலேருந்தும் வரும்." எனக்கும் அது சரியாகவே பட்டது. உன்னை எதிர்த்து நின்ற ஹார்ட்வெல் ஓய்வுபெற்ற பள்ளி வாரியத் தலைவர், நரைத்த தலை, யாரையும் பயமுறுத்தாத பேச்சு. இந்த நாட்டில் முதல்முறையாக ஓட்டுப் போடுகிறேன், அது வீணாகக் கூடாது என்று நினைத்தேன். ஓட்டுச்சாவடியாக இருந்த நூலகத்தில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டார்கள். கூச்சத்தோடு சொன்னேன். திரையில் உன் பெயரைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பெயரைத் தொட்டேன்.

முப்பத்தொரு ஓட்டில் நீ தோற்றாய்.

நியூஜெர்சிக்குப் போகும்போது விமான நிலையத்திலிருந்து கூப்பிட்டு என் ஓட்டுக்கு நன்றி சொன்னாய். "இருக்கட்டும்மா" என்றேன். கான்வென்ட்டில் பதினோரு வருஷம் படித்தவள், ஒரே விஷயத்தில் இரண்டாம் முறை பொய் சொன்னேன்.

மதன் போன பிறகு வசந்தாமணியைக் கூப்பிட்டு நேராகக் கேட்டேன். அவளும் உன்னிடம் "யெஸ்" சொல்லிவிட்டு ஹார்ட்வெல்லுக்குப் போட்டவள்தானாம். "மூஞ்சிக்கு நேரா எப்படி ஆன்ட்டி மாட்டேங்கிறது? எப்படியும் நீங்கல்லாம் போடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அன்று காப்பி மேசையில் இருந்த மற்ற இரண்டு பேரும் அதையேதான் சொன்னார்கள். இப்படி எத்தனை மேசைகளிலோ, நீ ஜெயிக்க மாட்டாய் என்று பேசிப் பேசியே உன்னைத் தோற்கடித்திருக்கிறோம். வீட்டுக்கு வந்தவளின் மனம் நோகக் கூடாது என்று நாங்கள் காட்டிய மரியாதை மதன் தலையில் விடிந்திருக்கிறது.

நவம்பரில் நீ ஜெயித்திருப்பாயா என்று எனக்கு இன்றும் தெரியாது. என் கணக்கு சரியாகவும் இருக்கலாம். அதை உன்னிடம் ஜனவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நீ வாதாடியிருப்பாய். ஒருவேளை என்னை மாற்றியும் இருப்பாய்.

இன்னொன்றும் எழுத வேண்டும். உன் மோசஸ் அங்கிள் நோயில் படுத்தபோது நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருக்கவில்லை, அதனால் முதியோருக்கான அரசாங்க மெடிக்கேர் இன்ஷூரன்ஸ் கிடையாது. நீ பன்னிரண்டு மணி நேர டியூட்டி முடித்து, அந்தச் சீருடையோடே வந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாய். ஏழு வாரம். முதுகில் ஒரு புண்கூட வரவில்லை. வேறொருவர் கைபட்டால் கூசுகிறவர், நீ சவரம் செய்யும்போது கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிடுவார். கடைசி வாரத்தில் என்னிடம், "இந்தப் பிள்ளைக்கு நாம என்ன செய்யப் போறோம், ஞானம்?" என்று கேட்டார். எல்லோருக்கும் இன்ஷூரன்ஸ் என்று நீ ஏன் பேசுகிறாய் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிந்தும், நடக்கக்கூடியதைப் பார்ப்போம் என்று நினைத்துவிட்டேன். உனக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை இந்தத் தாளில் எழுதி முடிக்க முடியாது.

மதனை நீயே கூப்பிடு, அமலி. இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டு. என் பெயரை மறைக்க வேண்டாம். மற்ற மூன்று பேரும் உனக்குத் தாங்களே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறார்களா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். நீ மறுபடியும் நின்றால் முதலில் என் வீட்டுக்கு வா. உள்ளதை உள்ளபடி சொல்வேன், உனக்குப் பிடிக்காவிட்டாலும்.

போனில் சொல்லியிருந்தால் பாதியிலேயே "பரவால்ல ஆன்ட்டி" என்று என்னை விட்டிருப்பாய். உன் சுபாவம் அது. அதனால்தான் எழுதினேன். கோபம் வந்தால் கோபமாகவே பதில் எழுது, மகளே. எத்தனை பக்கமானாலும் உட்கார்ந்து படிப்பேன். பரவாயில்லை என்று மட்டும் எழுதிவிடாதே.

கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக.

என்றும் உனக்கு நன்றியுள்ள,
ஞானமணி மோசஸ்