உங்களை எழுப்பாத பின்னேரம்

இஞ்சேருங்கோ,

பெயர் சொல்லிக் கூப்பிட்ட பழக்கம் எனக்கில்லை. கடிதத்திலும் இதுதான் வருகிறது. நீங்கள் போய், வருகிற ஆடியோடு ஒரு வருடமாகிறது.

நீங்கள் ஓட்டின வானை இப்போது என் தம்பிதான் ஓட்டுகிறான். கண்டாவளையிலிருந்து நெல் மூட்டை ஏற்றுகிறான். "பின்னாலை கிடக்கிற பலகையைக் கழட்டினா இன்னும் பத்து மூட்டை ஏத்தலாம் அக்கா" என்று நேற்றும் வந்து நின்றான். காட்டில் நின்றால் படுக்கவென்று நீங்கள் அடித்த பலகை. "கை வைச்சியெண்டால் இந்தப் படலைக்குள்ளை கால் வைக்காதை" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவனுக்கென்ன தெரியும்?

உங்களுக்கும் ஒன்று தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்து வரும்போது, ஒட்டுசுட்டான் தாண்டிக் காட்டுப்பாதையில் வானைத் திருப்பினீர்களே. பாலைப்பழம் உதிர்கிற காலம், இந்த முறை கரடியைப் பார்க்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று ஒரே பிடிவாதம். ஊரில் மற்றவர்கள் கரடியைக் கண்டால் ஓடுவார்கள். நீங்கள் பதினைந்து வருடமாக வானும் சோற்றுப்பானையுமாக அதற்குப் பின்னால் ஓடினீர்கள். கண்டதென்னவோ நகம் கீறிய மரப்பட்டையைத்தான்.

காட்டு வாசலில் வழக்கப்படி இறங்கி, ஐயனாரை வேண்டி ஆளுக்கொரு இலைக்குழை முறித்துக் கொப்பில் தொங்கவிட்டோம்.

"என்ன கேட்டனி?" என்றீர்கள்.

"நீங்கள் கேட்டதைத்தான்."

பொய். அது உங்கள் கண்ணில் படவே கூடாது என்று கேட்டேன். கண்டால் கமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விடுவீர்கள் என்று எனக்குப் பயம். கரடி கிழித்த முகமொன்றைச் சந்தையில் பார்த்தவள் நான்.

முதல் நாள் இரவு முழுக்கக் கோயிலில் விழித்த களை. பலகையில் சரிந்தீர்கள்.

"வந்தா சத்தம் போடாதை. என்ரை காலைச் சுரண்டு."

"ஓமப்பா, படுங்கோ."

வந்தது. பின்னேர வெயிலில், இருபது முழத்துக்கு அப்பால், முதுகில் குட்டியோடு. நிலத்தில் கிடந்த பழங்களை உறிஞ்சி உறிஞ்சித் தின்றது. குட்டி ஒருமுறை வழுக்கி விழுந்து, தாயின் மயிரைப் பிடித்து மறுபடி ஏறியது. என் கை உங்கள் காலடியிலேயே இருந்தது. நான் சுரண்டவில்லை.

எழும்பியதும் "வந்ததே?" என்றீர்கள்.

"ரெண்டு மயில்தான் வந்தது."

"நீ நித்திரை கொண்டிருப்பாய்" என்று சிரித்தீர்கள். "சரி, அடுத்த வைகாசிக்குப் பாப்பம்."

ஆடியில் ஒரு மத்தியானம், வீட்டு முற்றத்தில் நின்ற வானில் அதே பலகையில் படுத்துக்கொண்டு, "நாலு மணிக்கு எழுப்பு" என்றீர்கள். களைத்த மனிதர், இன்னும் கொஞ்சம் படுக்கட்டும் என்று ஐந்து மணிவரை விட்டுவிட்டேன். பிறகு தேத்தண்ணீரோடு வந்து காலைச் சுரண்டினேன். கால் குளிர்ந்திருந்தது. நாலு மணிக்கே எழுப்பியிருந்தால் எழும்பியிருப்பீர்களா? யாரிடம் போய்க் கேட்பேன்?

ஐயனார் இரண்டு குழைக்கும் குறை வைக்கவில்லை. உங்களுக்காக அதை வரவழைத்தார், எனக்காக உங்களை உறங்கவைத்தார். அப்படி ஏன் கேட்டேன்? உங்கள் ஆயுளில் ஒரேயொரு முறை வந்ததை நான்தான் பறித்தேன்.

இந்த வைகாசிக்கும் போவேன். தம்பி ஓட்டுவான். ஒரு குழைதான் முறிப்பேன், அது உங்களுடையது. பலகையில் நீங்கள் உடுத்த சாரத்தை விரித்துவிட்டு, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பேன். அது வந்தால், நீங்கள் கால் நீட்டுகிற இடத்தில் சுரண்டுவேன். எழும்புங்கோ.

காலடியில் இருந்தும் எழுப்பாத
உங்கள் மனைவி,
பவளம்
கண்டாவளை, எண்பத்தொன்று சித்திரை