என் பெயரில் ஒரு கடலோர வீடு

14-2-1983, ஆம்பூர் ஆபீஸ், சாப்பாட்டு இடைவேளை

இறந்துபோன முதலாளியின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா போன வாரம் முடிந்தது. இன்று அவருடைய மூத்த மகன் ஜியாவுல்லா இரும்பு அலமாரியைத் திறந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். டைப் அடித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு ஒரு பத்திரத்தை மேஜைமேல் வைத்தார்.

"இதுல உங்க பேர் இருக்கு, கமலாம்மா."

மெட்ராஸ் திருவான்மியூரில், கடலைப் பார்த்த மாதிரி, இரண்டாவது மாடியில் ஒரு ஃபிளாட். உரிமையாளர் குடியாத்தம் கமலவேணி. நான்தான்.

எனக்குத் தெரியாத விஷயமில்லை. நான்கு வருஷம் முன்பு கடிதங்களோடு சேர்த்து அதையும் கையெழுத்துக்கு நீட்டினார் முதலாளி அப்துல் சமத் சாயபு. "பில்கிஸுக்காக வாங்குறேன். அவ பேர்ல வெச்சா அண்ணன்மாரு மிரட்டி எழுதி வாங்கிடுவாங்க. உன் பேர்ல இருக்கட்டும்" என்றார். புருஷன் கைவிட்ட மகள். பிறந்த வீட்டில் அண்ணிமார்களோடு அவளுக்கு ஒத்துவரவில்லை. இருபத்தோரு வருஷமாக அவர் நீட்டிய எதிலும் கையெழுத்துப் போட்டவள், அன்றைக்கும் போட்டேன்.

பில்கிஸ் தன் மகளோடு அதில்தான் இருக்கிறாள். அந்த வீட்டை நான் பார்த்ததுகூட இல்லை.

15-2

குடியாத்தத்து வீட்டில், கூடப்பிறந்த கோவிந்தராஜ் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்பார் என்று தெரியும்.

22-2

ஜியாவுல்லா நேராகவே சொல்லிவிட்டார். வெளிநாட்டுக்குப் போன தோல் சரக்கு திரும்பி வந்திருக்கிறது, ஃபிளாட்டை விற்றே ஆக வேண்டும். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"பில்கிஸ் எங்க போவாங்க?"

"எங்க தங்கச்சிய நாங்க பாத்துக்க மாட்டமா? நீங்க ஏன் பேஜார் படுறீங்க?"

முதலாளி எனக்கு வாயாலே சொன்னதற்கு இன்னா சாட்சி இருக்கிறது?

26-2

ஊருக்குத் தெரிந்துவிட்டது. காலை பாசஞ்சரில் லேடீஸ் பெட்டியில் எனக்கு இடம் போட்டு வைக்கிறவள் இன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நேற்று அண்ணன் கத்தினார். "ஒருத்தன் சும்மா எழுதி வெப்பானா கடலோரத்துல வீடு? கல்யாணம் வேணாம் வேணாம்னு நீ நின்னது இதுக்குத்தானா?" பவர்லூம் ஓடுகிற சத்தத்தையும் மீறித் தெருவுக்கே கேட்டது. அண்ணி பூரணி சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

இன்று காலை அதே அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலே வேறு. "ஆனது ஆயிடுச்சி. நீ மட்டும் கையெழுத்து போட்டுடாத. நம்ம பசங்களுக்கு ஆவும்."

எது அதிகம் வலித்தது? நேற்றைய பேச்சா, இன்றைய பேச்சா? இரண்டுக்கும் சேர்த்து ஒருவாய் காப்பி குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

6-3, ஞாயிறு

வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள், உரிமையாளர் இருக்க வேண்டும் என்று ஜியாவுல்லா சொல்லிவிட்டார். முதல் வண்டி பிடித்துப் போனேன். அரக்கோணம் தாண்டும் வரை திரும்பிப் போய்விடலாம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்தது பில்கிஸ். அவள் கல்யாணத்துக்கு முன் பார்த்த முகம். "வாங்க அக்கா, உங்க வீடுதான்" என்றாள். குத்தலா, மரியாதையா, தெரியவில்லை.

சின்ன வீடு. இரண்டு அறை. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் செதில் செதிலாக உரிந்து நிற்கிறது. ஆனால் அந்த ஜன்னலைத் திறந்தால் வேறொன்றுமே இல்லை, கடல்தான். தோல் பதனிடுகிற ஷாப் வாடை துளிகூட இல்லாத காற்று. என் புடவையில் அந்த வாடை இருக்குமோ என்று கூச்சமாக இருந்தது.

ரிட்டயர் ஆன பேங்க் ஆபீசரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாள் என்னிடம், "இவ்ளோ நல்ல வீட்ட ஏன் விக்கிறீங்க?" என்றாள். குளியலறை எங்கே என்று கேட்டபோது, எனக்கே தெரியாததால் பில்கிஸைப் பார்த்தேன். பில்கிஸ் எழுந்து ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். குழாயில் தண்ணீர் எப்போது வரும், மழைக்கு எந்தச் சுவரில் ஓதம் ஏறும், எல்லாம் சொன்னாள். தன் வீட்டைத் தானே விற்றுக் கொடுக்கிறவள் போல.

அவர்கள் போனபின் பில்கிஸ் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒன்னு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. அப்பாவுக்கும் உங்களுக்கும் ஏதாவது…"

"இல்ல."

"சத்தியமா?"

"அவரு என்னை ஒரு நாளும் உட்காருன்னுகூட சொன்னதில்ல பில்கிஸ். நின்னுதான் டிக்டேஷன் எடுப்பேன்."

என் முகத்தையே பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். இந்த ஒரு மாசத்தில் என்னை நேராகக் கேட்டவளும் அவள்தான், நம்பினவளும் அவள்தான். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

9-3

முடியாது என்று ஜியாவுல்லாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "சரி. நாளைலேர்ந்து ஆபீசுக்கு வர வேணாம் கமலாம்மா" என்று மட்டும் சொன்னார். டைப்ரைட்டர்மேல் உறை போட்டுவிட்டு வந்தேன்.

21-3

காலையில் எழுந்து, குளித்து, தலை வாரி, போக இடமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

2-4

வேலூரில் வக்கீலைப் பார்த்தேன். வீட்டை பில்கிஸுக்கே தானமாக எழுதிவிடலாமா என்று கேட்டேன். "எழுதலாம். ஆனா வருமான வரிக்காரன் உங்களத்தான் கேப்பான், இன்னா சம்பளத்துல வாங்குனீங்கன்னு. சாயபு பணம்னு சொன்னீங்கன்னா, அது எங்க அப்பா பணம்னு மகன்க கோர்ட்டுக்குப் போவாங்க. வருஷக்கணக்கா இழுக்கும்."

பொய் சொன்னாலும் மாட்டிக்கொள்வேன், நிஜம் சொன்னாலும் அவள் வீடு போய்விடும். அப்புறம் எதற்கு என் பெயர்? முதலாளி இதையெல்லாம் யோசிக்கவே இல்லையா? தான் சாவோம் என்று யோசித்திருக்க மாட்டார். யார்தான் யோசிக்கிறார்கள்.

17-4, ஞாயிறு

பில்கிஸ் வந்தாள். தன் அண்ணனுடைய காரில். ஜியாவுல்லா இறங்காமல் காரிலேயே இருந்தார்.

"போட்டுடுங்க அக்கா."

அவள் மகள் ஷமீமுக்குப் பேரணாம்பட்டில் வரன் வந்திருக்கிறதாம். நல்ல குடும்பம். மாமன்மார் நின்று நடத்தினால்தான் கல்யாணம். வீடு விற்றால்தான் மாமன்மார் நிற்பார்கள்.

"உன் இஷ்டம் இன்னான்னு சொல்லு. நீ வேணாம்னா நான் ஜெயிலுக்குப் போனாலும் போட மாட்டேன்."

"என் இஷ்டத்த இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. நீங்க கேட்டுட்டீங்க. போதும் அக்கா."

அழவில்லை. நான்தான் அழுதேன். எனக்கு ஏன் அழுகை வரணும், என் வீடா அது? ஒன்னும் பண்ண முடியலியே. பேரு என்னுது, கை என்னுது, ஆனா ஒன்னுமே பண்ண முடியலியே.

28-4

பதிவு அலுவலகத்தில் காலை பத்தரைக்கு முதல் ஆளாக எங்கள் பெயர். அந்த பேங்க் ஆபீசரும், தலையில் பூ வைத்த மனைவியும் சந்தோஷமாக வந்திருந்தார்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை.

அதிகாரி பத்திரத்தைப் படித்துவிட்டுத் தலை நிமிராமல் கேட்டார். "பணம் முழுசா வந்து சேந்துடுச்சாம்மா?"

ஜியாவுல்லா என்னைப் பார்க்கவில்லை.

"வந்துடுச்சு சார்."

கட்டைவிரலில் மை தடவினார்கள். வெளியே குழாய் இல்லை. முந்தானையில் துடைத்தேன்.

30-4

அண்ணன் சொன்னது: "ஊர் வாயிலயும் விழுந்த, வீட்டையும் தூக்கிக் குடுத்துட்ட." அதற்குப்பின் பேச்சு இல்லை. தட்டு மட்டும் வருகிறது.

12-7

ஆம்பூரில் ஒரு போர்ஷன் பிடித்து வந்துவிட்டேன். மாதனூர் பக்கம் ஷூ கம்பெனியில், வருகை குறிக்கிற டைம் ஆபீஸ் வேலை. காலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ். என்னோடு ஏறுகிற பெண்களுக்கு, எனக்கு மகள் இருந்தால் அவள் வயது. யாருக்கும் என் கதை தெரியாது. அல்லது தெரிந்தும் கேட்பதில்லை.

18-12

ஷமீம் கல்யாணம் நடந்துவிட்டதாம். எனக்கு அழைப்பு இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

3-3-1984

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால் வாசலில் பில்கிஸ், ஒரு பெட்டியோடு. ஜியாவுல்லா வீட்டில் அவள் இருந்த மாடி அறையை, புதிதாக வந்த மருமகளுக்கு ஒழித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம். "சமையற்கட்டுக்குப் பின்னால ஒரு ரூம் இருக்கு, சாமான் போடுற எடம். அதுல இருந்துக்கோன்னாங்க. ரெண்டு நாள் உங்ககிட்ட இருந்துட்டுப் போறேன் அக்கா."

அவளுக்கும் தட்டு வைத்தேன். இருந்த ஒரே பாயை அவளுக்கு ஜன்னல் ஓரமாக விரித்தேன்.

12-3-1984

பில்கிஸ் வந்து ஒன்பது நாள் ஆகிறது. போகிற பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று கடைத்தெருவில் இன்னொரு பாய் வாங்கினேன். நாளை முனிசிபாலிட்டி தண்ணீர் விடுகிற நாள். இனிமேல் இரண்டு குடம் ஜாஸ்தியாகப் பிடிக்க வேண்டும்.