வாசலில் நின்ற சேவுகப்பெருமாள்

பள்ளத்தூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் முத்தரசுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நலம், மனசைப் பற்றி நீ கேட்கவும் வேண்டாம் நான் சொல்லவும் வேண்டாம். அந்தக் குவைத் வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே, என் போன் பாதி நேரம் உன் தங்கை கீர்த்தி கையில்தான் இருக்கிறது, இது அவள் கண்ணில் படக் கூடாத விஷயம். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பி வருகிற ரவிக்குமார் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கண்மாயில் பாதித் தண்ணீர்தான், சிவப்புப் பசு கன்று போட்டது, காளைக்கன்று, உங்கள் அப்பாவுக்கு அதிலும் என் மேல்தான் கோபம்.

கீர்த்தி பள்ளிக்கூடத்துக்கு ஜனனி என்று ஒரு புது வரலாற்று டீச்சர் வந்திருக்கிறாள். உலகப்போர் நேரத்தில் அவரவர் வீட்டில் என்ன நடந்தது என்று பிள்ளைகளே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து கட்டுரையாக எழுதலாமாம், படம் வரையலாமாம், தனிநடிப்பும் செய்யலாமாம், ஜெயித்தால் சிவகங்கையில் மாவட்டப் போட்டி. போனைப் பார்த்து எழுதினால் செல்லாதாம். ஊரார் வீட்டு அடுப்படியைக் கிளற ஒரு போட்டி, அதற்கு ஒரு பரிசு. மற்றப் பிள்ளைகள் புத்திசாலிகள், ஒருத்தி அரிசிக்கு வரிசையில் நின்ற கதையை எழுதினாள், ஒருவன் கானாடுகாத்தானில் பர்மா யுத்தத்தில் நொடித்துப்போய்ப் பூட்டிக் கிடக்கிற ஒரு வீட்டை வரைந்துகொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். உன் தங்கை என்னிடம் வந்து உட்கார்ந்தாள், நம் பூட்டன் பர்மாவில் எப்படிச் செத்தார் என்று கேட்டாள். அன்று காலையில்தான் உங்கள் அப்பா விருந்தாளிகள் முன்னால் என் பிறந்த வீட்டைக் கேவலமாகப் பேசியிருந்தார், எனக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்தது, உங்கள் வீட்டு லட்சணத்தையும் கேள் என்று சொல்லிவிட்டேன்.

நீ பத்தாவது படிக்கும்போது உனக்கும் இதைச் சொன்னேன், கேட்டுவிட்டு நீ பாட்டுக்குக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டாய், பிள்ளை என்றால் அப்படி இருக்க வேண்டும். உன் பூட்டன் சேவுகப்பெருமாள் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் சமையலுக்கு இருந்தவர், குண்டு விழுந்ததும் நடந்தே கிளம்பினார், வழியில் காலராவில் போய்விட்டார் என்று கூட வந்தவர்கள் வந்து சொன்னார்கள். தம்பிக்காரர் கருமாதி செய்தார், பூட்டி பொன்னழகுக்குத் தாலி இறக்கினார்கள், நிலமெல்லாம் தம்பி கைக்குப் போனது. யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள் அந்த மனுஷன் வாசலில் வந்து நின்றார். காரியம் முடிந்தவன் வீட்டுக்குள் வந்தால் வீடு விளங்காது என்றார் தம்பி, பூட்டியிடம், "அவனை உள்ள விட்டா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு நீயும் அவன் பின்னாலயே போயிரு" என்றார். பூட்டி ஓர் இலையில் சோறு கொண்டுபோய் வாசல்படியில் வைத்து, "யாரு வந்திருக்கீக, எம்புருசன் பர்மா ரோட்டுலயே செத்துட்டாரு, பசிச்சா தின்னுட்டுப் போங்க" என்றாளாம். அவரும் தின்றுவிட்டு இலையை எடுத்துப் போட்டுவிட்டுப் போனாராம். காளையார்கோவிலில் கோயில் வாசலில் கிடந்து செத்தார், ஒருவனுக்கு இரண்டு தடவையா கொள்ளி வைப்பார்கள் என்று யாரும் போகவில்லை. பூட்டியே உன் அப்பத்தாவிடம் சொல்லி, உன் அப்பத்தா என்னிடம் சொன்னது இது.

உன் தங்கை அதைத் தனிநடிப்பாக்கி, பூட்டி வேஷம் கட்டிக்கொண்டு, இலையும் கையுமாகப் பள்ளி மேடையில் நின்றிருக்கிறாள். முதல் பரிசு. யாரோ வீடியோ எடுத்துச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டார்கள். போன வருடம்தான் உங்கள் அப்பா பஸ் நிறுத்தத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டி, பர்மா யுத்தத்தில் மறைந்த சேவுகப்பெருமாள் நினைவாக என்று கல் பதித்தார், இப்போது பஸ்ஸுக்கு நிற்கிறவனெல்லாம் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு அவரையும் பார்க்கிறானாம். வழியிலேயே செத்தார் என்று மாற்றி நடி என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தார், அவள் நெஞ்சழுத்தக்காரி, அசையவில்லை. அவளை அடிக்கவில்லை, என்னைக் கூப்பிட்டு, "அவ சிவகங்கை மேடையில ஏறினா, அன்னைக்கே நீயும் உங்க ஆத்தா வீட்டுக்குப் பொட்டியக் கட்டிரு" என்றார். என் அண்ணன் பெண்டாட்டி எனக்கு எத்தனை நாள் சோறு போடுவாள் என்று உனக்குத் தெரியாதா.

மறுநாளே பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் அத்தனை பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, இது பொய், இவளாகக் கட்டிய கதை, சின்ன வயதிலிருந்தே இவளுக்கு இந்தப் புத்தி உண்டு என்று டீச்சரிடம் சொன்னேன். கீர்த்தி எழுந்து, "நீதானம்மா சொன்ன" என்றாள். "நான் எப்ப சொன்னேன், கனவு கினவு கண்டியா" என்றேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவள் அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாள், தெருவே பார்க்கிறது, நான் கண்டுகொள்வதில்லை.

இனி உன்னிடம் வருகிறேன். வீட்டில் யாராவது ஒருத்தர் இது நடந்ததுதான் என்று சொன்னால் அவளைச் சிவகங்கைக்குக் கூட்டிப்போவேன் என்று அந்த டீச்சர் சொல்லியிருக்கிறாள். உன் தங்கை உன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். "எங்கண்ணன் பொய் சொல்லாது மிஸ்" என்றாளாம். வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து உன்னைக் கூப்பிடுவார்கள், அவளும் பக்கத்தில் நிற்பாள். எனக்கு எதுவும் தெரியாது, அம்மா அப்படி எதுவும் சொன்னதில்லை என்று சொல். இழுக்காமல் சொல், நீ இழுத்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அவள் போனை வாங்கி அண்ணே என்று ஆரம்பித்தால் வைத்துவிடு. உனக்கு என்ன, ஒரு வார்த்தை, எனக்கு இந்த வீடு. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

நோய் நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இரு, வருகிற தையில் உனக்குப் பெண் பார்க்க வேண்டும், தலையில் எண்ணெய் வைத்துக்கொள். ரவிக்குமார் மாமா அடுத்து ஊருக்கு வரும்போது கீர்த்திக்கு நல்ல வாட்ச் ஒன்று கொடுத்தனுப்பு, உன் மேல் அவளுக்கு உயிர், அதற்கப்புறமும் நீ கொடுத்தால் வாங்கிக்கொள்வாள் என்றுதான் நினைக்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
பா. ரேணுகா