ஏற்றத்தில் நின்றவர்கள்

2025 ஆகஸ்ட் 11
கோட்டயம் ஆஸ்பத்திரியில் மகன் ஈஸ்வரனுக்கு நெஞ்சுக் குழாயில் மருந்து விட்டுப் படம் எடுத்தார்கள். அடைப்பே இல்லையாம். சூரியநெல்லி வந்ததும் கோழி அடித்தேன். "வெறும் வாயுடா, நாளைக்கு வேலைக்குப் போ" என்றேன்.

ஆகஸ்ட் 14
மருந்து டாங்கைச் சுமந்து மேல்காட்டுக்கு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "ஏலே, தேயிலைக்கு மருந்தடிக்க வந்தியா, தூங்க வந்தியா?" என்றானாம் கங்காணி சூசையப்பன். இந்தக் கங்காணியின் அப்பனையும் தெரியும். 1979-இல் என் கொழுந்துக் கூடையை உதைத்தவன்.

ஆகஸ்ட் 22
மறுபடி கோட்டயம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா விளக்கினார். பெரிய குழாய் சரிதான். நெஞ்சுச் சதை தடித்துப்போய், அதற்குள் ஓடும் மயிரிழைக் குழாய்களில் ரத்தம் போதவில்லை. முதல் படத்தில் அது தெரியாதாம். பாரமும் ஏற்றமும் கூடாது. மாத்திரையோடு கவனமாக இருந்தால் நெடுநாள் வாழலாம். இல்லாவிட்டால் சதை தழும்பாகும், துடிப்பு தப்பும். வழிவழியாக வருவது.

"வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்தார்களா?"

என்னிடமா கேட்கிறார்? 1986, மாசி, செவ்வாய்க்கிழமை.

ஆகஸ்ட் 23
வேலையை விட்டால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு போகும். வேலைக்குப் போனால் அவன் போவான். இந்த மலையில் சமதரை எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் 30
என் வீட்டுக்காரர் பெரியமுத்து ஏற்றத்தில் அடிக்கடி நிற்பார். சோம்பேறி என்பேன். அந்த மாசிச் செவ்வாயும் நின்றார். நீல லுங்கி. "பொம்பள நானே ஏறுறேன், ஒனக்கென்ன நோவு?" என்றேன். ஏறினார். வளைவு தாண்டவில்லை.

சாவு வீட்டில் நாத்தனார் சுருளியம்மாள் சொன்னாள்: "எங்கண்ணனை வெரட்டியே கொன்னுட்டா." முப்பத்தொன்பது வருஷமாக அவளோடு பேச்சில்லை. பொய் சொன்னாள் என்றா?

வழிவழி நோய் என்பதால் அவள் பிள்ளையையும் சோதிக்கணும் என்கிறார் டாக்டரம்மா. நான்தான் சொல்லணுமாம்.

செப்டம்பர் 2
முடியாது.

செப்டம்பர் 5
ஈஸ்வரன் மகள், என் பேத்தி இந்து போன் போட்டுக் கொடுத்தாள். சித்திரபுரத்தில் சுருளி வீட்டில் மணி அடித்தது.

"நாந்தான், சுருளி. அன்னைக்கு நீ சொன்னது நெசந்தான்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். விவரம் சொன்னேன்.

"எந்த ஆஸ்பத்திரி, மதினி?" என்றாள்.

செப்டம்பர் 19
எல்லோருக்கும் சோதனை முடிந்தது, சுருளி மகனுக்கு அந்த நோய் இல்லை. இந்துவுக்கு இருக்கிறது. பதினைந்து வயசு.

ஈஸ்வரனுக்கு ஃபேக்டரியில் ஏற்றமில்லாத வேலை கேட்டு எழுதிக் கொடுத்ததற்குப் பதில் இல்லை.

பஸ் இறங்கி லயத்துக்கு ஏறினோம். பாதியில் இந்து நின்றாள். ஈஸ்வரனும் நின்றான். எனக்கு மூச்சு வாங்கவில்லை. நானும் நின்றேன்.