முழுவரவுச் சைக்கிள்

புறக்கோட்டை
10.06.2025

அதிபர் ஜவாஹிறா அவர்களுக்கு,

பரிசுக்கு நான் கொடுத்த சைக்கிளை நேற்று உங்கள் பியோன் திருப்பிக் கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். ஒரு துண்டுக் கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. வந்த கஸ்டமர் ஒருவர், "இது பாவிச்ச சைக்கிளா முதலாளி?" என்று விலை கேட்கிறார்.

ஒரு நாளும் லீவு எடுக்காத பிள்ளைக்கு வருஷம் ஒரு சைக்கிள் என்று பதினோரு வருஷமாகக் கொடுக்கிறேன். நாம் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்த பள்ளிக்கூடம் என்பதால்தான். ஐந்தாம் வகுப்பில் முழுவரவுக்குக் கிடைத்ததுதான் நான் போட்ட முதல் சப்பாத்து. மழை வந்ததும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனை முழுக்க வெறுங்காலோடு நடந்தேன். நீங்கள்கூடச் சிரித்தீர்கள். காய்ச்சல், தலையிடி என்று படுத்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கடை ஏது?

என்ன பிழை என்று எழுத்தில் தாருங்கள்.

கா. சுடலைமுத்து

கொட்டாஞ்சேனை
12.06.2025

அன்புள்ள முத்து,

"அதிபர் அவர்களுக்கு" என்று பார்த்ததும் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. துண்டு வைக்காதது என் பிழைதான். போனில் கதைத்தால் நீ பேரம் பேசத் தொடங்கிவிடுவாய், அதனால் நானும் எழுதுகிறேன்.

நாலாம் வகுப்பு மேனகாவுக்குக் கூகைக்கட்டு. கன்னம் வீங்கியிருக்க, கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு "பல்லு வலி டீச்சர்" என்று ஐந்து நாள் வந்திருக்கிறாள். வீட்டுக்குப் போகச் சொன்னதும் அழுதாள். "இவ்வளவு நாளும் வந்திட்டேன் டீச்சர், சைக்கிள் போயிடும்." ஆபீஸ் வாசலில் நிறுத்திவைத்த உன் சைக்கிளைத் தினமும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவாளாம். இப்போது பதினெட்டுப் பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்கியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதாமல் விட நினைத்தேன். நீ சப்பாத்து வாங்கிய வருஷம், உடம்பெல்லாம் கொப்புளம் போட்ட கொப்புளிப்பானோடு, அதை மறைக்க முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தான் பூட்டிக்கொண்டு வந்தாயே. பக்கத்தில் இருந்தது யார்? உப்பும் மிளகாயும் போட்ட வெரளிக்காயை ஒரே கடதாசியில் வைத்துத் தின்றோம். இரண்டு கிழமையில் எனக்கும் வந்தது. புலமைப்பரிசில் பரீட்சை அன்று நான் பாயில் கிடந்தேன். நீ ஜன்னலுக்கு வெளியே நின்று என்னென்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். எல்லாம் எனக்குத் தெரிந்த கணக்கு.

ஜவாஹிறா

புறக்கோட்டை
18.06.2025

ஜவாஹிறா,

உன் கடிதத்தை நாலு நாள் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன்.

தெரியும். கடி தாங்காமல் வாங்கில் முதுகைத் தேய்த்தேன். "என்னடா?" என்றாய். "வேர்க்குரு" என்றேன். உனக்கு வந்த அன்றைக்கே விளங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் அந்த ஜன்னலடிக்கு வந்தனான். வாயைத் திறந்தால் கணக்குத்தான் வந்தது. இத்தனை வருஷமும் உன்னோடு கதைக்கிற ஒவ்வொரு தடவையும் சைக்கிள் கதை, பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரக் கதை என்று வேறு எதையோ கதைத்திருக்கிறேன்.

போன மாதம் என் கணக்கப்பிள்ளை யோகநாதன் காய்ச்சலோடு வேலைக்கு வந்தான். "கெட்டிக்காரன்!" என்று முதுகில் தட்டினேன். இப்போது கடையில் பாதிப் பேர் இருமுகிறார்கள்.

சைக்கிளை விற்கவில்லை. மேனகா எப்படி இருக்கிறாள்?

முத்து

கொட்டாஞ்சேனை
20.06.2025

அன்புள்ள முத்து,

மேனகாவுக்கு வீக்கம் வற்றிவிட்டது. வீட்டில் இருந்து எல்லாரையும் அதட்டுகிறாளாம்.

அன்றைக்கு நீ மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் இன்னும் அழுதிருப்பேன். சுகமானதும் அந்தக் கணக்கையெல்லாம் சுவரில் கரியால் செய்து பார்த்து உம்மாவிடம் அடி வாங்கினேன். நான் கணக்கு டீச்சரானது அங்கிருந்துதான். ஆனாலும் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு நாள் வரவேண்டாம்.

சைக்கிளைத் திரும்ப எடுப்பேன், இலவசமாக இல்லை. நாள் எண்ணுகிற முறை மாற வேண்டும். பிறகு, காலைக் கூட்டத்தில் நீ வந்து அந்தக் கொப்புளிப்பான் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது டீச்சர் புத்திமதி. சப்பாத்து வாங்கியவனே சொல்லட்டும். பத்து நிமிஷம்.

ஜவாஹிறா

புறக்கோட்டை
23.06.2025

ஜவாஹிறா,

சம்மதம். எழுத்தில் இருக்கட்டும். வருத்தம் வந்து வீட்டில் நின்ற நாளும் வந்த நாளாகவே எண்ணப்படும். டாக்டர் துண்டு இல்லாவிட்டால் தாய் தகப்பன் சொல் போதும். பல பிள்ளைகள் தேறினால் சீட்டுக் குலுக்கல், மேனகாவின் பெயரும் அதில் இருக்கும். கை கழுவ நாலு பைப்பும் மாதம் ஒரு பெட்டி சவர்க்காரமும் என் பொறுப்பு. பேச்சுக்குப் பத்து நிமிஷம் கேட்டாய், ஐந்துக்கு முடித்துவிடுவோம்: வரும் திங்கட்கிழமை, காலை ஏழரைக்கு, என் கதை என்றே, பெயர் மாற்றாமல் சொல்கிறேன்.

முத்து