நான்கு கட்டங்களும் என் துறட்டியும்

இன்று கிருஷ்ணகிரி சந்தைக்குப் பின்னால் அழுகிய மாங்காய்களைக் குவியலாகக் கொட்டியிருந்தார்கள். பிஞ்சில் பறித்துப் புகைபோட்டு வீணானவை. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தும் வாடை போகவில்லை. அது உன் தோப்பின் வாடை. நீ இறந்து மூன்று மாதமாகியும் என்னை விடவில்லை.

வேப்பனப்பள்ளியில் உன் தோப்புக்கும் என் தோப்புக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். இரண்டு தோப்புப் பழமும் சேர்ந்தால்தான் நல்ல விலைக்குப் பழம் ஏற்ற வரும் பெங்களூர் லாரி நிறையும். "அரை லோடுக்கா? ஆகல்லா சாமி" என்று டிரைவர் கையை விரித்துவிட்டார். காயாகவே பறித்தால் ஊறுகாய்க்காரர் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்வார்.

நீ வேலியோரம் குந்தி, மண்ணில் நான்கு கட்டம் கிழித்தாய். பழுக்கும்வரை இருவரும் பொறுத்தால் ஆளுக்கு நான்கு புளியங்கொட்டை வைத்தாய். இருவரும் பறித்தால் ஆளுக்கு இரண்டு. ஒருவன் மட்டும் பறித்தால் அவனுக்கு இரண்டு, பொறுத்தவனுக்கு ஒன்றுமில்லை.

"ஒவ்வொரு கட்டமா நின்னு பாருப்பா. அடுத்தவன் அசையாம இருக்கறப்ப நான் மட்டும் மாறுனா எனக்கு லாபமான்னு கேளு. ரெண்டு பேருக்கும் இல்லைன்னா அந்தக் கட்டம் நிக்கும்."

நின்றவை இரண்டு: இருவரும் பொறுப்பது, இருவரும் பறிப்பது. "நல்லதும் நிக்குது, கெட்டதும் நிக்குது" என்று சிரித்தாய். பொறுப்பதென்று கையடித்தோம்.

பத்து நாள்கூட ஆகவில்லை. நீ ஊறுகாய்க்காரரோடு பேசுவதைச் சாலையில் பார்த்தேன்; முந்தப்போகிறாய் என்று நினைத்துவிட்டேன். காற்றில் உதிர்ந்த காய்க்கு விலை கேட்டாயாம். அது பின்னால்தான் தெரிந்தது. மறுநாள் நீ லாரியை உறுதிசெய்ய ஓசூரில் பஸ் மாறிப் பெங்களூர் போனாய். அந்த நேரம் பார்த்து ஆள்விட்டு என் தோப்பை மொட்டையாகப் பறித்தேன். சீ, நானும் ஒரு மனிதனா! நீ திரும்புவதற்குள் ஊறுகாய்க்காரர் அந்த வருடக் கொள்முதலை முடித்து வண்டிகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். லாரி வரவில்லை. உன் மரத்தடியில் பழங்கள் அழுகிப் புழு வைத்தன.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேப்பா" என்றாய். அவ்வளவுதான். அடுத்த வருடம் நீயும் பிஞ்சிலேயே பறித்தாய். நீ சாகும்வரை இருவரும் அந்தக் கெட்ட கட்டத்திலேயே நின்றோம்.

நேற்று உன் மனைவி வேலியோரம் வந்தார். "நீங்க பொறுத்தா நாங்களும் பொறுத்திருக்கோம்ணா" என்றார். சரி என்று தலையாட்டினேன். இன்று சந்தையிலிருந்து வந்ததும், அவர் முந்திக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு. காய் பறிக்கும் துறட்டியைக் கை தானாக எடுத்துவிட்டது. என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அதை அப்படியே கொண்டுபோய் வேலிக்கு மேலாக அவரிடம் நீட்டினேன்.

"பழுக்கற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா."

வாங்கித் தன் பக்கம் சாய்த்துவைத்தார்.

"வேற துறட்டி இல்லீங்களாண்ணா?"

கொட்டகையில் இன்னும் இரண்டு இருந்தன. எடுத்துவரப் போனேன்.