அம்மா போட்ட கையெழுத்து

கேமரன் மலை
14.4.1983

அம்சா,

அமெரிக்கா காலேஜிலிருந்து உனக்குக் கடுதாசி இங்க எஸ்டேட்டுக்கு வந்திருக்கு. ஆபீசுல கணக்கெழுதுற கிராணி படிச்சுச் சொன்னாரு. இடம் கிடைச்சிருச்சு, செலவு முழுக்க அவங்களே பாத்துக்குறாங்களாம்.

கடைசியில, உன் அப்பா இறந்ததுக்கு வருத்தப்படுறோம்னு எழுதியிருந்துச்சு. கிராணி அதுக்கப்புறம் என் மூஞ்சியைப் பாக்கலை.

ரிங்லெட் ரோட்டுல தேயிலைக் கொழுந்து லோரி கவுந்து நான் செத்துட்டேன்னு நீ எழுதிப் போட்டியாம். உன்னைத் திட்டத்தான் பேனா எடுத்தேன். ஆனா எத்தனையோ நாட்டுப் பிள்ளைங்க இடம் கேக்குறப்ப, அப்பன் உசுரோட கொழுந்து வெட்டுறான்னு எழுதினா யாரு திரும்பிப் பாப்பா?

இங்க மழை விடலை. என் இருமல் பரவாயில்லை லா.

அவங்க அனுப்பின பாரத்துல, தானா ராத்தா டவுன்ல சர்க்கார் ஆபீசர் முன்னாடி அம்மா விதவைன்னு கையெழுத்துப் போடணுமாம். நேத்து போனா. கிளம்புறப்ப கண்ணாடியைப் பாத்துப் பொட்டை அழிச்சா. தாலியை ரவிக்கைக்குள்ள தள்ளிக்கிட்டா. நான் பின்னாலதான் நின்னேன்.

திரும்பி வந்தும் பொட்டு வைக்கலை. நீ பிளேன் ஏறுற வரைக்கும் வேணாம்னுட்டா.

உன்னை வழியனுப்ப அவ மட்டும் வருவா.

இப்படிக்கு,
உன் அப்பா